தனித்தேர்வரின் சமூகவியல்

உயர்நிலைப் பள்ளிகளில் போதிக்கப்படும் சாஸ்திரங்களுள், கற்க வந்த மாணாக்கனையே தன் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குவது சமூகவியல். இங்கிலாந்தில் 16 வயதுக்கு மேல் இரண்டாண்டுகள் படித்து எழுதும் ஏ-லெவல் பரீட்சைக்கென்று ஏ.க்யூ.ஏ. என்னும் தேர்வு வாரியம் வகுத்திருக்கும் சமூகவியல் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால், மூன்று தாள்களுள் முதல் தாளே கல்வியைப் பற்றியதாக இருக்கிறது: எந்த வர்க்கத்துப் பிள்ளைகள் மேலே செல்கிறார்கள், எந்த வர்க்கத்தார் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள், ஆசிரியருடைய எதிர்பார்ப்பு மாணவனுடைய தேர்ச்சியை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது, ஒரே வகுப்பில் இருந்த ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வெவ்வேறு பள்ளிகளில் படித்தவர்களைப்போல வெளியேறுவது ஏன் என்பவையெல்லாம் அதில் விசாரிக்கப்படும் விஷயங்கள். இவற்றை வகுப்பறையில் கேட்டுக்கொண்டிருக்கும் 17 வயதுப் பெண் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தால் போதும். பாடத்துக்கு உதாரணம் அங்கே பிரத்தியட்சமாக உட்கார்ந்திருக்கும். அப்படியானால், பக்கத்து இருக்கை என்று ஒன்றே இல்லாமல், வீட்டில் ஒரு கணினியின் முன்னால் தனியே அமர்ந்து அதே பாடத்தைப் படிக்கிறவளுக்கு என்ன நேர்கிறது? இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி என்னைப் பெரிதும் கவர்ந்ததில்லை. இந்தக் குறிப்பிட்ட கேள்வி கவர்கிறது.

அவ்வாறு படிப்பவர்கள் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டால் ஒரு சிறு கூட்டமே. ஆனால் பலதரப்பட்ட கூட்டம். நெடுநாள் நோயினாலோ மனக்கலக்கத்தினாலோ பள்ளிக்குச் செல்ல இயலாதவர்கள், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள், தங்கள் பள்ளியில் சமூகவியல் இல்லாத காரணத்தால் அந்த ஒரு பாடத்தை மட்டும் வெளியே தேடுகிறவர்கள், இளமையில் படிப்பை விட்டுவிட்டுப் பிறகு ஒரு பட்டப் படிப்புக்குத் தகுதி வேண்டி நடுவயதில் திரும்பி வருகிறவர்கள் என்று பல வகையினர் அதில் உண்டு. ஆண்டின் எந்த மாதத்திலும் சேரலாம்; பாடங்கள் திரையில் வரும்; ஒப்படைப்புகளை எழுதி அனுப்பினால் டியூட்டர் ஒருவர் திருத்தித் தருவார்; முடிவில், தங்களை ஏற்றுக்கொள்ளும் பள்ளியையோ கல்லூரியையோ தாங்களே தேடிப் பிடித்து, கட்டணம் செலுத்தி, தனித்தேர்வராக அமர்ந்து பரீட்சை எழுத வேண்டும். இந்த ஏற்பாடு இணையத்தோடு பிறந்தது என்று நினைப்பவர் பலர். உண்மையில், பிரிட்டனில் சமூகவியல் ஆராய்ச்சியைச் சாமானிய வாசகரிடம் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையான ஒருவரே, தூரத்திலிருந்து படிக்கும் முறைக்கும் நவீன காலத்தில் ஓர் உருவம் கொடுத்தார்; அதனினும் விசேஷம், தூரம் மனிதர்களிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறது என்பதை அதற்கு முன்பே ஒரு புத்தகமாக எழுதி வைத்தவரும் அவரே. மைக்கேல் யங் என்னும் அந்த மனிதருடைய சரித்திரத்தின் வழியாகப் போனால், இன்றைய இணையப் படிப்பில் எது எஞ்சியிருக்கிறது, எது காணாமற் போயிற்று என்பது விளங்கும்.

முதலில் பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ஹாப்ஹவுஸ் 1907-இல் சமூகவியல் பேராசிரியராக நியமிக்கப்பட்ட பிறகும், பழைய பல்கலைக்கழகங்கள் அந்தத் துறையை அரை நூற்றாண்டுக் காலம் சந்தேகக் கண்ணோடே பார்த்தன. கேம்பிரிட்ஜில் அதற்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட 1960களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிக்குள் அது நுழைந்ததோ தலைவாசல் வழியாக அன்று. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களையும் பின்னாளில் படிக்க வருவோரையும் மனத்தில் வைத்து 1953-இல் ஏற்பட்ட ஏ.இ.பி. என்னும் தேர்வு வாரியந்தான் 1960களின் நடுவில் சமூகவியலை ஏ-லெவல் பாடமாக்கியது. ஆகையால் பகலில் வேலை செய்து மாலையில் படிக்க வந்தவர்களும் முதலிலிருந்தே அந்தப் பாடத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். 1980-இல் ஹாராலம்போஸ் எழுதிய பெரும் பாடநூல் வந்த பின்னர், ஆசிரியர் இல்லாமலே ஒருவர் இந்தப் பாடத்தை முழுவதும் படித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் ஏற்பட்டது. அந்த நம்பிக்கை எவ்வளவு நியாயமானது என்பதே நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

மைக்கேல் யங் 1915-இல் பிறந்தவர். 1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி கண்ட தொழிற் கட்சியின் தேர்தல் அறிக்கையை எழுதிய கை அவருடையது. கட்சி அலுவலகத்தைவிடக் கிழக்கு லண்டனின் தெருக்களே அவருடைய மனத்துக்குப் பிடித்திருந்தன போலும். 1950களின் முற்பகுதியில் பெத்னல் கிரீன் என்னும் ஏழைத் தொழிலாளர் பேட்டையில் சமுதாய ஆய்வுக் கழகம் ஒன்றை நிறுவி, பீட்டர் வில்மாட்டுடன் சேர்ந்து வீடுவீடாகச் சென்று விசாரித்து, 1957-இல் கிழக்கு லண்டனின் குடும்பமும் உறவுமுறையும் பற்றிய நூலை வெளியிட்டார். குடும்பம் என்பது நகர வாழ்க்கையில் தாய் தந்தை குழந்தை என்று சுருங்கிவிட்டது எனப் பண்டிதர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பெத்னல் கிரீனில் கல்யாணமான பெண்கள் தாய்வீட்டுக்கு நடந்து போகிற தூரத்திலேயே குடியிருப்பதையும், வாடகைக்கு வீடு பிடிப்பதிலிருந்து பிரசவம் பார்ப்பதுவரை தாய் வழியாகவே காரியங்கள் நடப்பதையும், கடைத்தெருவுக்குப் போனவள் பத்துப் பேரோடு பேசாமல் திரும்ப முடியாது என்பதையும் அந்த நூல் காட்டிற்று.

அதன் பிற்பாதிதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. குண்டுவீச்சினாலும் நெருக்கத்தினாலும் சீர்கெட்ட அந்தப் பேட்டையிலிருந்து குடும்பங்களை வெளியேற்றி, 20 மைலுக்கு உட்பட்ட தூரத்தில் எஸெக்ஸ் பகுதியில் கட்டிய புதிய குடியிருப்புக்கு அரசாங்கம் அனுப்பி வைத்தது. நூலில் அதற்குக் கிரீன்லீ என்று புனைபெயர். அங்கே வீடு நல்ல வீடு, தோட்டமும் குளியலறையும் உண்டு, குழந்தைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தாராளம்; இல்லாதவை தாயும், தங்கையும், பேசிக்கொண்டு நிற்பதற்கு ஒரு கடைவாசலும். மனிதர்களைச் சுற்றி அமைந்திருந்த வாழ்க்கை வீட்டைச் சுற்றி அமைந்தது. மாலைப் பொழுதுகளில் உறவினர் இருந்த இடத்தில் டெலிவிஷன் வந்து உட்கார்ந்தது. வசதிகளைக் கொடுத்துவிட்டு உறவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட திட்டக்காரர்கள்மீது அந்த நூல் கூறிய குற்றச்சாட்டு பதவிசானது, ஆனால் கடுமையானது. இதை எழுதிய கையே ஆறாண்டுகளுக்குப் பின் தபாலும் டெலிவிஷனும் கொண்டு கல்வி புகட்டப் புறப்பட்டது என்பதை எண்ணும்போது, அவர் தம் நூலைத் தாமே மறந்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றும். மறக்கவில்லை என்பதற்கு, பின்னால் அவர் அமைத்த ஸ்தாபனமே சாட்சி.

இடையில் 1958-இல் அவர் எழுதிய மற்றொரு நூலையும் குறிப்பிட வேண்டும். 1944-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 11 வயதில் நடக்கும் ஒரே பரீட்சையைக் கொண்டு பிள்ளைகளைக் கிராமர் பள்ளிக்கு உரியவர் என்றும் மற்றப் பள்ளிகளுக்கு உரியவர் என்றும் பெரும்பாலான இடங்களில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறிவோடு முயற்சியைக் கூட்டினால் வருவதே தகுதி என்று வாய்பாடு வகுத்துக்கொண்டு, அந்தத் தகுதியையே அரியணையில் ஏற்றிய வருங்காலச் சமுதாயம் ஒன்று எவ்வளவு இரக்கமற்றதாக இருக்கும் என்பதைப் பரிகாசமாக வர்ணித்தது அந்த நூல். நையாண்டியாக அவர் பரப்பிய 'மெரிட்டாக்ரசி' என்னும் சொல்லைப் பிற்காலத்து அரசியல்வாதிகள் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டதைக் கண்டு அவர் கடைசிவரை வருந்தினார். ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில் கிராமர் பள்ளிக்குச் சென்று தேறிய 88 தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கதையை டென்னிஸ் மார்ஸ்டனுடன் சேர்ந்து 1962-இல் வெளியிட்ட பிரையன் ஜாக்ஸன், யங்குக்குத் துணையாக வந்து சேர்ந்தார். தேறிய பிள்ளைகளும் வீட்டைவிட்டு மனத்தால் விலகிப்போனார்கள் என்பது அவர்களுடைய ஆராய்ச்சியில் வெளிப்பட்ட துயரம். சல்லடையில் தங்கியவர்களின் நிலை இது. கீழே விழுந்தவர்கள், அதாவது 15 வயதில் பள்ளியைவிட்டு வெளியேறிவிட்ட பெருங்கூட்டம், மறுபடி படிக்க விரும்பினால் எங்கே போவது?

1962-இல் 'வேர்?' என்னும் கல்விப் பத்திரிகையில் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்று எழுதிய யங், அரசாங்கம் அசையும்வரை காத்திராமல், 1963-இல் ஜாக்ஸனோடு சேர்ந்து கேம்பிரிட்ஜில் தேசிய விரிவுக் கல்லூரியை ஆரம்பித்தார். அதே நகரில் வில்லியம் பிரிக்ஸ் என்பவர் 1887-இல் தொடங்கி, பல்லாயிரம் பேரை லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குத் தபால் மூலம் தயாரித்து அனுப்பிய பழைய கல்லூரி ஒன்று இருந்தது. புதிய கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. (விஞ்ஞானக் கதைகளுக்குப் பெயர்போன எச்.ஜி. வெல்ஸ் அந்தப் பழைய கல்லூரியில் உயிரியல் உபாத்தியாயராக வயிறு வளர்த்தவர். 1893-இல் வந்த அவருடைய உயிரியல் பாடநூல் அதன் மாணாக்கருக்காக எழுதப்பட்டதே.) 1963 அக்டோபரில் ஆங்கிலியா டெலிவிஷனில், ஜனங்கள் காலைச் சிற்றுண்டிக்கு உட்காருவதற்கு முன்பாகவே கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் தோன்றிப் பிரசங்கம் செய்யும் 'விடியற்காலைப் பல்கலைக்கழகம்' என்னும் பரிசோதனையும் நடந்தது. அதற்குச் சற்று முன்னால் தொழிற் கட்சித் தலைவர் ஹெரால்டு வில்ஸன் கிளாஸ்கோவில் வானொலி, டெலிவிஷன் வழியான பல்கலைக்கழகம் பற்றிப் பேசினார். 1969-இல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துக்குச் சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டுத் திறந்தவெளிப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

யங்கின் கல்லூரி பிரிக்ஸின் கல்லூரியைப் போலத் தபாலை மட்டும் நம்பவில்லை. தபாலும் ஒலி-ஒளிபரப்பும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் மாணவர்கள் சில நாட்களேனும் ஓரிடத்தில் கூடித் தங்கி, ஒருவரோடொருவரும் ஆசிரியரோடும் பேசுவது என்று அது கருதிற்று. கிரீன்லீயைப் பார்த்தவருக்கு அந்த மூன்றாவது அங்கம் அலங்காரமாகத் தோன்றியிருக்க முடியாது. அதற்கும் மேலாக, அஞ்சல்வழிக் கல்வியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதிலும் அந்த ஸ்தாபனத்தார் தெளிவாக இருந்தார்கள்: அது மாணவன் எழுதி அனுப்பிய ஒப்படைப்பின் ஓரத்தில் டியூட்டர் எழுதும் குறிப்பில் இருக்கிறது. தொலைக் கல்வியின் தத்துவத்தை ஆராய்ந்த மைக்கேல் மூர் என்னும் அறிஞர், ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் இடையேயுள்ள தூரத்தை மைல் கணக்கில் அளக்கலாகாது என்றார். உரையாடல் குறைந்து, முன்னரே வகுத்த அமைப்பு இறுகிப்போன இடத்தில், ஒரே அறைக்குள்ளும் தூரம் அதிகம். உரையாடல் வளமாக உள்ள இடத்தில் சமுத்திரம் குறுக்கிட்டாலும் தூரம் குறைவு. நூற்றைம்பது பேர் அமர்ந்து குறிப்பெடுக்கும் மண்டபத்தில் படித்த எவருக்கும் இதற்கு வியாக்கியானம் தேவைப்படாது.

சமூகவியலுக்கு இந்த ஓரக்குறிப்பு மற்றப் பாடங்களைவிட அதிகமாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. கணக்கில் விடை தவறானால் தவறு. திரையே அதைச் சொல்லிவிடும். சமூகவியல் மாணவியோ, வறுமையும் தேர்ச்சியும் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது, மிகவும் ஏழையாகப் பிறந்து நன்றாகப் படித்து முன்னேறிய தன் மாமனை உதாரணம் காட்டி, ஆகையால் வறுமை ஒரு தடையன்று என்று முடிப்பாள். இது தவறான விடை என்று அடித்துவிட்டால் அவள் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாள். சரி என்று விட்டுவிட்டாலும் கற்றுக்கொள்ள மாட்டாள். உன் மாமன் உண்மை. ஆனால் அவரோடு படித்த மற்றவர்கள் என்ன ஆனார்கள், அவர்களை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பாய், அவருக்கு மட்டும் கிடைத்த உதவி எது என்று கேட்டு எழுதும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். சமூகவியல் பயில்வது என்பதே, தான் கண்டதை நம்பிக்கொண்டே அதைச் சந்தேகிக்கவும் பழகுவதாகும். அந்தப் பழக்கம் பல விடைகளுள் ஒன்றைத் தொட்டுக் காட்டும் சுயசோதனைகளால் வராது.

ஒரு பிரசங்கத்தை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால் பத்துப் பேர் பார்த்தாலும் பதினாயிரம் பேர் பார்த்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்படைப்பைத் திருத்தும் செலவோ தலைக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும். எனவே, லாபத்தைக் கருதி நடக்கும் இணையப் படிப்புகளில் முதலாவது பெருகுவதும் இரண்டாவது சுருங்குவதும் யாருடைய துர்புத்தியினாலும் நேர்வதன்று, கணக்கினால் நேர்வது. இதை ஒரு சமூகவியலரே பிரத்தியட்சமாகக் கண்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிட்செல் டூனியர் 2012-இல் சமூகவியல் அறிமுகம் ஒன்றைக் கோர்ஸீரா தளத்தில் இலவசமாக நடத்தியபோது, பல நாடுகளிலிருந்தும் சுமார் 40,000 பேர் சேர்ந்தார்கள். தம் பிரசங்கத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் கிடைக்காத அளவு அபிப்பிராயங்கள் சில வாரங்களில் வந்து குவிந்ததாக அவர் மகிழ்ந்து எழுதினார். ஒரு சிலரைக் காணொளியில் அழைத்து வைத்துக்கொண்டு வாரந்தோறும் உரையாடி, அதை மற்றவர் பார்க்கச் செய்யும் உபாயத்தையும் கையாண்டார். ஆனால் அந்தப் பிரசங்கங்களை மற்றக் கல்லூரிகளுக்கு உரிமம் கொடுத்து வழங்கலாமா என்று கேட்கப்பட்டபோது, பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தைக் குறைப்பதற்கு அது ஒரு சாக்காகிவிடும் என்று அஞ்சி, அடுத்த ஆண்டே விலகிக்கொண்டார். தம் வகுப்பு எந்தச் சமூக ஏற்பாட்டில் ஓர் உறுப்பாகப் போகிறது என்பதைப் பாடத்தின் கண்கொண்டே பார்த்தார் என்பதற்காக அவரை மெச்ச வேண்டும்.

வகுப்பறை இல்லாமையால் நேரும் நஷ்டத்துக்கு வருவோம். கல்வி பற்றிய பகுதியில் மாணவர்கள் படிக்கும் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் வகுப்பறைக்குள்ளேயே பிறந்தவை. டேவிட் ஹார்கிரீவ்ஸ் 1967-இல் எழுதிய நூலில், லம்லி என்று பெயர் மாற்றப்பட்ட ஆண்கள் பள்ளியின் கீழ்ப்பிரிவுகளுக்குத் தள்ளப்பட்ட பையன்கள், பள்ளி மதிக்கும் யாவற்றையும் தலைகீழாக்கி, தங்களுக்கென்று ஒரு மானத்தை உண்டாக்கிக்கொள்வதைப் பார்க்கிறோம். ரோஸென்தாலும் ஜேக்கப்ஸனும் 1968-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலோ, குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில குழந்தைகளை இவர்கள் விரைவில் மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவைக்க, சிறு வகுப்புகளில் அந்தக் குழந்தைகளே முன்னேறினார்கள் என்று கண்டது பெரும் விவாதத்தை எழுப்பியது. பால் வில்லிஸ் 1977-இல் எழுதியது எல்லாவற்றிலும் பெயர்பெற்றது: ஓர் ஆங்கிலத் தொழில் நகரத்துப் பள்ளியில் 12 பையன்கள் கேலியும் கூத்துமாக ஆசிரியரின் அதிகாரத்தை நிராகரிப்பதும், அந்த நிராகரிப்பே அவர்களைத் தந்தையர் உழைத்த ஆலைத்தளத்துக்குத் தயாராக்கிவிடுவதும் அதில் வருகின்றன. பின்வரிசைச் சிரிப்பைக் கேட்டிராதவருக்கு வில்லிஸின் நூல் எழுத்தளவில் புரியலாம். அந்தச் சிரிப்பின் கவர்ச்சி, தானும் சேர்ந்து சிரித்துவிடுவோமோ என்ற சபலம், அது புரிவது கடினம்.

ஆயினும் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டிலிருந்து படிப்பவர்களுள் பலர் பள்ளியையே அறியாதவர்கள் அல்லர். அதிலிருந்து வெளியேறியவர்கள் அல்லது வெளியேற்றப்பட்டவர்கள். முத்திரை குத்தப்படுவது பற்றிப் பாடநூல் சொல்வதை வகுப்பின் முதல் மாணவன் கருத்தாகப் படிக்கிறான். 16 வயதில் தகுதியில்லை என்று அனுப்பப்பட்டு 35 வயதில் திரும்பி வந்தவர் தம் ஜாதகமாகப் படிக்கிறார். அப்படிப்பட்டவருக்கு முகம் தெரியாத டியூட்டர் ஒரு வரம் என்று சொல்வதுண்டு. உடையோ, உச்சரிப்போ, வந்த தெருவோ அந்த ஆசிரியருக்குத் தெரியாது என்பது வாதம். பாஸில் பெர்ன்ஸ்டைன் என்னும் சமூகவியலர் கற்பித்ததை நினைவுகூர்ந்தால் இந்த வாதம் பாதிதான் நிற்கும். எதையும் அயலாருக்கும் விளங்கும்படி விரித்துச் சொல்லும் பேச்சு நடுத்தர வர்க்க வீடுகளில் இளமையிலேயே கைவந்துவிடுகிறது என்றும், பள்ளி அந்தப் பேச்சையே அறிவின் அடையாளமாகக் கொண்டுவிடுகிறது என்றும் அவர் காட்டினார். அஞ்சல்வழிக் கல்வியில் முகமும் குரலும் மறைந்துபோக, எஞ்சி நிற்பது எழுத்து நடை ஒன்றே; வர்க்கத்தின் ரேகை மிக ஆழமாகப் பதிந்திருப்பதும் அதில்தான். அமைதியான அறை, நிலையான இணைய இணைப்பு, படிப்பை மதிக்கும் பெற்றோர் ஆகியவை தனியே படிப்பவளுக்குப் பள்ளி மாணவிக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாகவே தேவை என்பதையும் சேர்த்துக்கொண்டால், வீட்டிலிருந்து படிப்பது ஏற்றத்தாழ்வை ஒழித்துவிட்டது என்று விளம்பரம் செய்வோரின் உற்சாகம் எனக்கு வருவதில்லை.

பரீட்சை முறை தனித்தேர்வருக்கு ஒரு விதத்தில் அநுகூலமாகவும் இன்னொரு விதத்தில் பிரதிகூலமாகவும் அமைந்திருக்கிறது. ஏ-லெவல் சமூகவியல் முழுவதும் எழுத்துத் தேர்வு: தாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரமும் 80 மதிப்பெண்களுமாக மூன்று தாள்கள். வரலாறு, ஆங்கில இலக்கியம் போன்றவற்றில் பள்ளியின் மேற்பார்வையில் எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. அதை மேற்பார்த்து அத்தாட்சி தர ஆள் கிடைக்காமல் தனித்தேர்வர்கள் அலைவது வழக்கம். சமூகவியலில் அந்தத் தொல்லை இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது. மாணவரே ஒரு சிறு கள ஆய்வு செய்து அறிக்கை தரும் முறை சில பாடத்திட்டங்களில் இருந்து, பின்னர் எடுக்கப்பட்டுவிட்டது. தனித்தேர்வருக்குக் கதவு திறந்தது உண்மைதான். ஆனால் ஆராய்ச்சி செய்யாமலே ஆராய்ச்சி முறைகளைப் பற்றி எழுதும் வினோதமும் கூடவே வந்தது. முதல் தாளில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு வினா உண்டு. பள்ளியைச் சேர்ந்த ஒரு பிரச்சினையையும் ஓர் ஆய்வு முறையையும் கொடுத்து, இந்தப் பிரச்சினையை ஆராய இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்று மதிப்பிடச் சொல்வார்கள். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் சம்மதம், ஆய்வாளரையும் இன்னோர் ஆசிரியர் என்றே எண்ணி மாணவர்கள் வாயை மூடிக்கொள்வது, பார்க்க ஆள் வந்தால் வகுப்பு திடீரென்று ஒழுங்காக நடப்பது ஆகிய நுட்பங்களைப் பள்ளி மாணவி தினமும் கண்டவள்; தனித்தேர்வர் அவற்றை ஊகிக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு நடந்தது இவை யாவற்றுக்கும் ஒரு பெரிய செயல்முறை விளக்கம்போல அமைந்துவிட்டது. கொரோனாத் தொற்றினால் பரீட்சைகள் ரத்தாயின. பள்ளிகள் ஒவ்வொரு மாணவனுக்கும் இன்ன கிரேடு கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டு அனுப்ப, ஆஃப்குவால் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியை ஆதாரமாகக் கொண்ட ஒரு கணினி வாய்பாட்டில் இட்டு அவற்றைத் திருத்திற்று. ஆகஸ்டு 13-ஆம் தேதி முடிவுகள் வந்தபோது, இங்கிலாந்தில் ஏ-லெவல் மதிப்பீடுகளில் 39.1 சதவீதம் பள்ளி கொடுத்ததைவிடக் குறைந்திருந்தது. ஒரு பாடத்தில் மிகச் சிலரே எழுதும் இடங்களில் ஆசிரியரின் மதிப்பீடு அப்படியே ஏற்கப்பட்டது. சிறு வகுப்புகள் அதிகமுள்ளவை கட்டணப் பள்ளிகள். பெரிய கல்லூரிகளில் பெருங்கூட்டமாகப் படிக்கப்படும் பாடங்களில் வாய்பாட்டின் பிடி முழுமையாக விழுந்தது. சமூகவியல் அத்தகைய பாடம். மாணவர்கள் தெருவுக்கு வந்து கூச்சலிட்டார்கள். 17-ஆம் தேதி அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியரின் மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டது. மைக்கேல் யங் 2002-இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் தம் நையாண்டி நூலுக்கு ஓர் அனுபந்தம் எழுதியிருப்பார்.

இந்த அமளியில் பத்திரிகைகள் அவ்வளவாகக் கவனிக்காத கூட்டம் ஒன்று இருந்தது. தனித்தேர்வரின் படிப்பைக் கண்டறிந்து மதிப்பிடப் பள்ளி எதுவும் இல்லை. பரீட்சை நாளன்று இடம் கொடுக்க இசைந்திருந்த மையத்துக்கு அவர்களுடைய பெயரும் கட்டணமும் தவிர வேறொன்றும் தெரியாது. போதிய ஆதாரம் உள்ளவரை மதிப்பிடலாம் என்று விதி சொல்லியும், பலருக்கு எந்த மையமும் கையெழுத்திட முன்வரவில்லை. அவர்கள் இலையுதிர்காலத் தேர்வுக்குக் காத்திருந்தார்கள், பல்கலைக்கழக இடங்கள் அதற்குள் நிரம்பிவிட்டன. பள்ளி என்பது கற்பிக்கும் இடம் மட்டுமன்று, கற்றவனுக்காகச் சாட்சி சொல்லும் ஸ்தாபனமும் ஆகும் என்று பாடநூலில் படித்திருந்த உண்மையை, பள்ளியில் இருந்தவர்களைவிட இவர்கள் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும். இவர்களுக்குப் படிப்பு இருந்தது, சாட்சி இல்லை.

நம் நாட்டிலும் இதே மரபின் ஒரு கிளை இருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979-இல் தொடங்கிய திறந்தவெளிப் பள்ளித் திட்டம் 1989-இல் தனி ஸ்தாபனமாகி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமாக நடக்கிறது. மேல்நிலையில் அது வழங்கும் பாடங்களுள் சமூகவியலும் ஒன்று. பிரிட்டிஷ் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வழங்கும் அதே பெயரோடு, டியூட்டர் மதிப்பிடும் ஒப்படைப்பு என்னும் ஏற்பாடு இங்கேயும் உண்டு. மொத்த மதிப்பில் 20 சதவீதம் அதற்கு உரியது. ஏட்டளவில் அருமையான ஏற்பாடு. அந்த ஒப்படைப்பு மாணவன் தன் தெருவைப் பார்த்து எழுதியதா, சந்தையில் விற்கும் விடைத்தாளைப் பார்த்து எழுதியதா என்பதைப் பொறுத்தே அதன் பலன். என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் நூல், இந்தப் பாடத்துக்கு வரும் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை, சமூகத்தைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவராகவே வருகிறார், அந்த அறிவே சில சமயம் இடையூறாகவும் ஆகிறது என்று சொல்லித் தொடங்குகிறது. வீட்டிலிருந்து படிக்கும் மாணவனுக்குப் பாடம் அமைக்கிறவர்கள் பற்றிக்கொள்ளத் தக்க நூல்முனை அது என்று நினைக்கிறேன்: அவனிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு வாங்கி, ஓரக்குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது. அதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டா. சம்பளம் கொடுத்து வைத்த ஆசிரியர்கள் வேண்டும்.

ஏ.க்யூ.ஏ. வாரியத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் செய்யலாம். அந்த 20 மதிப்பெண் வினாவில் ஏதேனும் ஓர் ஆண்டு, பள்ளிக்கு வெளியே படிப்பவர்களை ஆழ்ந்த நேர்காணல் மூலம் ஆராய்வதைப் பற்றிக் கேட்கட்டும். மாதிரி எடுக்க வருகைப் பதிவேடு கிடையாது. படிப்பு நடத்தும் கம்பெனியிடம் பெயர்ப் பட்டியல் இருந்தாலும் அது அந்தரங்கம் என்று கொடுக்க மறுக்கும். தலைமையாசிரியர் என்னும் வாயில்காவலர் இல்லை, அவருடைய இடத்தில் தாய் இருப்பாள். நேர்காணல் திரையில் நடந்தால் அவள் கேட்கிற தூரத்தில் நிற்கிறாளா என்பது ஆய்வாளருக்குத் தெரியாது. நோயாளியாய் இருப்பவரை எவ்வளவு நேரம் பேச வைக்கலாம், பள்ளியில் பட்ட அவமானத்தை விசாரிப்பது எந்த அளவில் துன்புறுத்தலாகிவிடும், 17 வயதுப் பெண்ணும் 40 வயதுத் தொழிலாளியும் ஒரே மாதிரிக்குள் அடங்குவார்களா என்று விசாரித்துக்கொண்டே போகலாம். அந்த ஓர் ஆண்டு மட்டும் ஊகித்து எழுத வேண்டியவர்கள் வகுப்பறையில் இருப்பவர்கள்.